ஜன்னலோரமா, தட்டா, தனி மேசையா? நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் வீட்டிலேயே பொம்மைப் படம் எடுக்க மூன்று ஏற்பாடுகள்

பொம்மைகளை வைத்துப் படம் எடுப்பது என்றதும் எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான் பேச்சு தொடங்கும். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரையோ, மறதி நோய் முற்றியவரையோ, எந்நேரமும் ஒரு கண் தேவைப்படும் பிள்ளையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு: உள்ளே இருந்து குரல் வந்தால் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடியுமா? முக்கால் மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

களிமண் காய்ந்துவிடும். நீர்வண்ணம் பாதியில் உலர்ந்து கோடு விழும். பொம்மை நிறுத்திய நிலையிலேயே நிற்கும். அதனால்தான் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்கு இந்தக் கலை பொருந்துகிறது. ஆனால் பொம்மையைச் சுற்றி மூன்று விஷயங்கள் நிற்காமல் மாறும்: வெளிச்சம், கேமரா இருக்கும் இடம், கேமராவின் அமைப்புகள். இந்த மூன்றையும் எந்த ஏற்பாடு கெட்டியாகப் பிடித்து வைக்கிறதோ, அதுவே உங்களுக்கு நல்லது. படத்தின் நேர்த்தி அதற்குப் பிறகுதான். கீழே உள்ள மூன்றும் அந்தக் கணக்கில் ஒப்பிடப்பட்டவை.

முதலாவது, ஜன்னல் வெளிச்சமும் கைபேசியும். இரண்டாவது, எடுத்து வைக்கக்கூடிய ஒரு தட்டு, அதில் பின்னணி, சிறிய எல்இடி விளக்கு, கைபேசி. மூன்றாவது, கலைக்காமல் விட்டுவைக்கும் தனி மேசை, அதில் கேமராவும், மிக அருகில் வைத்துப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸும்.

ஜன்னலோரம்

தயாராக இரண்டு நிமிடம் போதும். வேண்டியவை ஒரு பொம்மை, ஒரு வெள்ளை அட்டை, வெயில் நேராக விழும் ஜன்னலாக இருந்தால் மெல்லிய வெள்ளைத் துணியோ, கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் தாளோ. ஜன்னலிலிருந்து 50 முதல் 60 செ.மீ. தள்ளி மேசையைப் போடுங்கள். வெளிச்சம் பொம்மையின் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் உங்கள் நிழலே பொம்மைமேல் விழும். முகத்தில் மேடு பள்ளமும் தெரியாது. இருண்டு கிடக்கும் பக்கத்தில் 10 செ.மீ. தள்ளி வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் வெளுக்கும். அட்டையை நெருக்கியும் விலக்கியும் பார்த்தால், முகத்தின் குணமே மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500, மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. இரண்டும் கலந்தால் பொம்மையின் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் ஆரஞ்சாகவும் வரும். பிற்பாடு எந்தச் செயலியிலும் அதைச் சுத்தமாகத் திருத்த முடியாது.

கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் மேசையைத் தொட்டாற்போல் வையுங்கள். பொம்மையின் கண் மட்டத்துக்கு இறங்குவதுதான் இந்தக் கலையின் பாதி. மேலிருந்து எடுத்தால் அது மேசைமேல் கிடக்கும் பொம்மை. கண் மட்டத்திலிருந்து எடுத்தால் ஓர் இடத்தில் நிற்கும் ஆள். திரையில் பொம்மையின் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியளவையும் பூட்டிக்கொண்டு, ஒளியளவைச் சற்றுக் குறையுங்கள். சிறிய முகத்தின் பளபளப்பு முதலில் வெளுத்துப் போகும், அதைக் காப்பாற்றத்தான் இந்தக் குறைப்பு.

ஜன்னலின் குறை, அது உங்களுக்காக நிற்காது என்பதே. மேகம் ஒன்று கடந்தால் ஒளி பாதியாகும். மருந்து கொடுத்துவிட்டு வருவதற்குள் நிழல் திசை மாறியிருக்கும். ஒரே காட்சியை நான்கு படங்களாகச் சொல்ல நினைத்தால் நான்கும் நான்கு நாளில் எடுத்தவை போலத் தெரியும். இன்னொன்று, இதுவே பலருக்குத் தீர்மானமான காரணம்: பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் நோயாளி தூங்கிய பிறகு, இரவில். அப்போது ஜன்னலில் வெளிச்சம் இல்லை. பகல் தூக்கம் ஒழுங்காக உள்ள நோயாளி என்றால் ஜன்னலோரம் அருமை. இல்லையென்றால் பழகிப் பார்க்க ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தட்டு

எங்கள் பரிந்துரை இதுதான். காரணத்தை விளக்குவதற்கு முன் அளவுகளைச் சொல்லிவிடுவோம். அளவு தப்பினால் இந்த ஏற்பாட்டின் பயனே போய்விடும்.

விளிம்பு 3 செ.மீ. உயரமுள்ள 40 × 30 செ.மீ. தட்டு ஒன்று. நீளப் பக்கத்தை ஆழமாக வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 30 செ.மீ. பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். எதிர் விளிம்பில் ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் நிறுத்தினால் 29.7 செ.மீ. அகலம், அச்சாகப் பொருந்தும். ஏ4 பின்னணியை மேட் தாளில் அச்சிட்டு, 5 மி.மீ. ஃபோம் போர்டில் ஒட்டி, இரண்டு கிளிப்பால் தட்டின் விளிம்போடு கவ்வவிடுங்கள். பளபளப்பான தாள் வேண்டாம். விளக்கின் வெள்ளைத் திட்டு அதில் கட்டாயம் தெரியும்.

பொம்மை பின்னணியிலிருந்து 20 செ.மீ. முன்னால், கைபேசி பொம்மையிலிருந்து 20 செ.மீ. தள்ளி. இப்போது ஒரு கணக்கு. பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸ், பெரிதாக்காத 1 மடங்கில், 40 செ.மீ. தொலைவில் ஏறக்குறைய 53 செ.மீ. அகலத்தைப் பார்க்கும். உங்கள் பின்னணியோ 30 செ.மீ. கூட இல்லை. இரு பக்கமும் அறையின் சுவரும் நாற்காலிக் காலும் தெரிந்துவிடும். 2 மடங்குக்கு மாற்றினால் அதே தொலைவில் 26 அல்லது 27 செ.மீ. மட்டுமே தெரியும், பின்னணிக்குள் அடங்கிவிடும். பொம்மை நிற்கும் இடத்தில் காட்சியின் அகலம் 13 செ.மீ., உயரம் 10 செ.மீ. 4 செ.மீ. உயரமுள்ள லெகோ ஆளுக்கு இது தாராளம். கைகால் மடங்கும் 15 செ.மீ. ஆக்‌ஷன் ஃபிகருக்குப் போதாது. அதற்குக் கைபேசியை 40 செ.மீ.க்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், பின்னணி ஏ3 ஆக வேண்டும், தட்டு 45 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். பெரிய பொம்மை வாங்கினால் எல்லாமே பெரிதாகும் என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

பின்னணிக்கு டேப்லெட் திரையும் பயன்படும், காட்சியை நொடியில் மாற்றலாம். ஆனால் திரை பொம்மைக்குப் பக்கத்தில் இருந்தால் திரைப் புள்ளிகள் அலை அலையான கோடுகளாகப் படத்தில் வரும். 25 செ.மீ.க்கு மேல் தள்ளி, சற்று மங்கலாக விழும்படி வைத்தால் அந்தக் கோடு மறையும். திரையின் வெண்மை 6500 கெல்வின் பக்கம் இருக்கும்; பொம்மைமேல் மஞ்சள் விளக்குப் போட்டால் மாலைநேர நீல வானத்தின் கீழ் தெருவிளக்கில் நிற்கும் தோற்றம் தானாகவே வரும். வேண்டுமென்று செய்தால் நிறக் கலப்பும் நன்மைதான்.

தரைக்கு மணல், மண், காய்ந்த காபிச் சக்கை என்று எதைத் தூவினாலும் தட்டைத் தூக்கும்போது சரியும். எழுந்து போவதற்கு முன் தட்டை அலமாரிமேல் வைக்க நேரும் வீட்டில் அது ஒத்துவராது. வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து அட்டையில் தடவி, மேலே மணலைத் தூவி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் தட்டிப் பார்த்தால் ஒட்டாதது உதிரும், ஒட்டியது நிற்கும். மணலை முதலில் தேநீர் வடிகட்டியில் சலித்துக்கொள்ள வேண்டும். 4 செ.மீ. பொம்மையின் உலகத்தில் 1 மி.மீ. மணல் நம் காலடியில் கிடக்கும் 4 செ.மீ. கல்லுக்குச் சமம். சலிக்காத மணல், மணலாகத் தெரியாமல் பாறைக் குவியலாகத் தெரிவது இதனால்தான். காபிச் சக்கையை ஈரம் துளிக்கூட இல்லாமல் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். நுரையீரல் நோயாளி உள்ள வீட்டில் பூஞ்சணத்தை நெருங்கவே விடக்கூடாது.

விளக்கு, உள்ளங்கையளவு எல்இடி பலகை ஒன்று போதும். 4 செ.மீ. பொம்மைக்கு 15 செ.மீ. தள்ளி வைத்த உள்ளங்கையளவு விளக்கு, ஆளுக்குப் பக்கத்தில் வைத்த பெரிய ஸ்டுடியோ விளக்கைப் போல மென்மையான ஒளி தரும். ஒளி மென்மையாவது பொம்மையோடு ஒப்பிட்டால் விளக்கு எவ்வளவு பெரிது, எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதால்; விளக்கின் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை 30 செ.மீ.க்குத் தள்ளினால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும், நிழலின் ஓரமும் கூர்மையாகும். முதன்மை விளக்கைப் பொம்மையின் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே வையுங்கள். இரண்டாவதாக ஒரு சிறு டார்ச்சைப் பின்னாலிருந்து தோளின்மேல் விழவிடுங்கள். டார்ச்சின் முன் கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி மாட்டினால் ஒளி சிதறாமல் ஒரு பொட்டாக விழும். அந்த ஒரு கோடு வெளிச்சம்தான் பொம்மையைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும்.

விளக்கு வாங்கும்போது நிறச் செம்மைக் குறியீடான சிஆர்ஐ 95க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். மலிவான எல்இடியில் சிவப்பு செத்துப்போய், தோல் நிறப் பிளாஸ்டிக் சாம்பலடித்துத் தெரியும். படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் வந்தால் விளக்கு மின்னுகிறது என்று பொருள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டரை, அதாவது ஒளி பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடியிலும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120லும் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். பவர் பேங்கில் ஓடும் விளக்கிலும் பட்டை வந்தால் காரணம், ஒளியைக் குறைக்கும் சுற்று. விளக்கை முழு ஒளியில் வைத்து, ஒளி அதிகமென்றால் முன்னால் ஒரு பேக்கிங் தாளைப் பிடியுங்கள்.

இனி, இந்த ஏற்பாட்டை மற்ற இரண்டிலிருந்தும் உயர்த்தும் வேலை. பொம்மையின் பாதம், விளக்கின் அடி, கைபேசி முக்காலியின் மூன்று கால்கள் எல்லாவற்றுக்கும் அடியில் சிறு துண்டு டேப்பால் குறி ஒட்டுங்கள். கேமராச் செயலியில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ முறையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/50, வெண்மைச் சமநிலை 5000 கெல்வின் என்று நீங்கள் வைத்த எண்களை ஒரு சீட்டில் எழுதித் தட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். சாதாரண முறையில் பூட்டிய ஒளியளவைச் செயலியை மூடியதும் கைபேசி மறந்துவிடும், சீட்டு மறக்காது. கூப்பிடு குரல் வந்தால் விளக்கை அணைத்து, தட்டின்மேல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு எழுந்திருங்கள். இதற்குப் பத்து விநாடி ஆகாது. தூசியும் விழாது, பூனையும் தட்டாது. இரண்டு நாள் கழித்துத் திரும்பினாலும் குறிகளின்மேல் எல்லாவற்றையும் வைத்தால் அதே படம், அதே வெளிச்சம்.

பொம்மை சாய்ந்து விழுவதுதான் தட்டில் அதிகம் நடக்கும் தொல்லை. பாதத்துக்கு அடியில், சுவரில் தாள் ஒட்டி உரிக்கப் பயன்படும் ஒட்டுக்களிம்பு அரிசியளவு போதும். தாள்மேல் நேராக ஒட்டினால் எண்ணெய்க் கறை படியும். பசை காய்ந்த மணல் தரைமேல் ஒட்டலாம். தாவுவது போல எடுக்க வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் ஒரு கம்பியில் நிறுத்தி ஒரு படம், பொம்மையும் கம்பியும் இல்லாமல் அதே அமைப்பில் வெறும் காட்சியாக ஒரு படம் எடுங்கள். பிறகு படத்திருத்தச் செயலியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்படத்தில் கம்பியை மட்டும் அழித்தால் கீழ்ப்படத்தின் பின்னணி அங்கே வந்து நிற்கும். அந்த வெறும் காட்சியை முதலிலேயே எடுத்துவிடுங்கள். கடைசியில் எடுக்கலாம் என்று வைத்தால் அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

விறைப்பாக நிற்கும் பொம்மைக்கு உயிர் வர, எடையை ஒரு காலுக்கு மாற்றுங்கள்: ஒரு முழங்கால் லேசாக மடங்கட்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயட்டும், தோள் அதற்கு எதிர்ப்பக்கம் சாயட்டும், தலை பார்க்கும் பொருளின் பக்கம் சற்றே திரும்பட்டும். லெகோ ஆளுக்கு முழங்கால் கிடையாது. அதற்குத் தலையின் திருப்பமும் இடுப்பின் சாய்வும்தான் மொழி. இந்த நிலை சரிசெய்யும் வேலைக்கு விளக்கும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தபடி மடியில் வைத்துச் செய்துகொண்டு, தட்டுக்கு வரும்போது தயாராக வரலாம்.

தனி மேசையும் கேமராவும்

தரம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதுதான் மேல். ஆனால் அந்தத் தரத்தின் அருமையை அறிய ஒரு விஷயம் புரிய வேண்டும். ஒளியைப் படமாக்கும் சில்லான உணரி, கைபேசியைவிடக் கேமராவில் பெரிது. பெரிய உணரியில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர உணரி அளவுள்ள கேமராவில் பொம்மையை நான்கில் ஒரு பங்கு உருப்பெருக்கத்தில், அதாவது உணரிமேல் விழும் உருவம் பொம்மையின் கால் பங்கு இருக்கும்படி எடுக்கும்போது எஃப் 4 துளையில் கூர்மை கிடைப்பது 3 மி.மீ. சுற்றிலும், எஃப் 8 துளையில் 6 மி.மீ. சுற்றிலும்தான். மூக்கு தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்; துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், எஃப் 16ஐத் தாண்டியதும் ஒளி வளைவினால் படம் முழுவதும் மெத்தென்று ஆகிவிடும். கைபேசியின் சிறிய உணரி இந்த விஷயத்தில் பொம்மைக்கு அனுகூலமானது. தலையிலிருந்து பாதம் வரை ஒரே படத்தில் தெளிவாக வரும்.

இது வெறும் தொழில்நுட்பக் குறை இல்லை. ஒரு தெருவை நேரில் படமெடுத்தால் நெடுந்தூரம் தெளிவாக இருக்கும். பின்னணி முழுக்கக் கரைந்துபோனால் நம் கண் அதைச் சின்னஞ்சிறு பொருள் என்று கண்டுபிடித்துவிடுகிறது. 1970களிலிருந்து பொம்மைப் படைவீரர்களைப் படமெடுத்துவரும் அமெரிக்கக் கலைஞர் டேவிட் லெவிந்தால் இதே மங்கலை நேர் எதிராகப் பயன்படுத்தினார்: முகமும் மூட்டும் கரைந்து, பிளாஸ்டிக் என்ற அடையாளமே போகும் அளவுக்கு மங்கவிட்டார். இரண்டும் வேலை செய்யும். இடைப்பட்ட மங்கல், அதாவது பொம்மையின் மூட்டுத் திருகு தெளிவாகவும் கை மங்கலாகவும் இருப்பது, வேலை செய்யாது.

கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால் மேக்ரோ லென்ஸுக்கு ஓடாதீர்கள். 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே 16 மி.மீ. நீட்டிப்புக் குழாயைச் செருகினால் உருப்பெருக்கம் 0.32 கூடும், குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் கணக்கு அது. லென்ஸ் முகப்பில் மாட்டும் +2 குளோஸ்-அப் கண்ணாடி அரை மீட்டரிலும், +4 கால் மீட்டரிலும் ஃபோகஸ் தரும். இவை போதாதபோது மேக்ரோ லென்ஸைப் பற்றி யோசிக்கலாம். கைபேசியில் கவ்வும் மேக்ரோ லென்ஸை மட்டும் வாங்க வேண்டாம் என்போம்: 2, 3 செ.மீ. அருகில் போனால்தான் அது தெளிவாகும், அவ்வளவு அருகில் கைபேசியே வெளிச்சத்தை மறைத்துவிடும்.

முழுப் பொம்மையும் தெளிவாக வேண்டுமென்றால் ஃபோகஸை ஒவ்வொரு அடியாக நகர்த்தி ஆறு முதல் பத்துப் படம் எடுத்து, தெளிவான பகுதிகள் சேரும்படி செயலியில் ஒரே படமாக அடுக்க வேண்டும். அத்தனையும் முடியும்வரை மேசை அசையக் கூடாது, யாரும் கூப்பிடக் கூடாது. அசைவூட்டப் படத்தில் இந்தச் சிக்கல் பல மடங்கு. விநாடிக்கு 12 படம் என்றால் பத்து விநாடிக்கு 120 படம். நடுவில் எழுந்து போய்த் திரும்பினால் அந்த இடத்தில் பொம்மை துள்ளும். பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு இடையே அசைவூட்டத்தைத் தொடங்கச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். ஒற்றைப் படங்களும், குறி ஒட்டி எடுக்கும் நான்கைந்து படத் தொடர்களும் நிறைவு தரும்.

தனி மேசை யாருக்குப் பொருந்தும்? முறை மாற்றிக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருந்து, வாரத்தில் சில மணி நேரமாவது உறுதியாக உங்களுடையது என்றால் பொருந்தும். மேசை நோயாளியின் குரல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கதவை மூடிக்கொள்ளும் அறையில் போட்டுவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் ஓய்வு இல்லை, கூடுதல் பதற்றம்தான். முக்காலியின் கால்களையும் மின்கம்பியையும் இரவில் நடக்கும் வழியில் விடக்கூடாது. தடுமாறி நடப்பவர் உள்ள வீட்டில் தரையில் நிற்கும் முக்காலியே வேண்டாம், மேசை முக்காலி போதும்.

பொம்மை எது

தட்டு என்று முடிவு செய்துவிட்டால் 4 செ.மீ. லெகோ ஆட்கள் நல்ல தொடக்கம். தட்டின் கணக்கு அதற்கே பொருந்துகிறது, விழுந்தாலும் உடையாது. 1:12 அளவு ஆக்‌ஷன் ஃபிகர் 15 செ.மீ. உயரம், முகபாவம், விரல், முழங்கால் என்று நிலை சரிசெய்யும் சுகம் அதிகம், இடமும் நேரமும் அதிகம். 1:87 அளவு ஆட்கள் 2 செ.மீ.தான். அவர்களுக்குக் காட்சியே கட்ட வேண்டாம்: ஸ்பூன் குளமாகும், பிரெட் துண்டு மலையாகும், துண்டின் மடிப்பு பனிச்சரிவாகும். ஜப்பானின் தனாகா தட்சுயா 2011 முதல் நாளுக்கொரு படமாக இந்த வழியில் எடுத்துவருகிறார். கட்டும் வேலைக்குத் தெம்பில்லாத நாட்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் கீழே விழுந்தால் கண்டுபிடிப்பது கடினம், வாயில் போட்டுக்கொள்ளும் நோயாளி உள்ள வீட்டில் ஆபத்து.

சிறு கார்களில் பளபளப்பான மேற்பூச்சு அறை முழுவதையும் பிரதிபலிக்கும். படத்தைப் பகிரும் முன் பெரிதாக்கிப் பாருங்கள். காரின் கதவில் நோயாளியின் கட்டிலோ, பின்னணியில் பெயர் தெரியும் மருந்துச் சீட்டோ இருக்கலாம்.

நோயாளியின் அறையை ஒட்டிச் செய்யும்போது

ஆக்சிஜன் பயன்படும் வீட்டில் மெழுகுவத்தி, ஊதுவத்திப் புகை, தீப்பொறி, புகை ஸ்பிரே எதுவும் கூடாது. ஆக்சிஜன் துணியிலும் படுக்கையிலும் தங்கி, சிறு பொறியையும் வேகமாகப் பரவச்செய்யும். புகைக்கு மாற்று எளிது: பஞ்சை நூல் நூலாகப் பிரித்துப் பின்னால் வைத்து விளக்கைப் பின்புறமிருந்து அடியுங்கள், அல்லது லென்ஸின்மேல் ஒரு முறை மூச்சு விட்டு, அது கலையும் சில விநாடிக்குள் படத்தை எடுங்கள், மூடுபனி கிடைக்கும். பனிக்கு மாவு, டால்கம் பவுடர் போன்ற காற்றில் பறக்கும் பொடிகள் வேண்டாம். உப்பு போதும், ஆனால் உலோக மூட்டுள்ள பொம்மையில் துரு ஏறாமல் வேலை முடிந்ததும் துடைக்க வேண்டும். மழைத்துளிக்குக் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊசியால் பொட்டுவைத்தால் துளி நெடுநேரம் உருண்டையாகவே நிற்கும். எழுந்து போய் வரவேண்டிய ஆளுக்கு வெறும் தண்ணீரைவிட இது எத்தனையோ தோது. பெயின்ட் ஸ்பிரேயையும் நெடியுள்ள பசையையும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் பேட்டரி போட்ட குட்டி விளக்குகளும், காந்தம் பதித்த பொம்மைகளும் மறதி நோயாளிக்கும் குழந்தைக்கும் எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்; விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். யுஎஸ்பி கம்பி விளக்குகளே போதும்.

ஃபிளாஷ் வேண்டாம், இருட்டில் கதவிடுக்கு வழியே வெட்டும் வெளிச்சம் தூக்கத்தைக் கலைக்கும். கைபேசியின் ஷட்டர் ஒலியை அணைத்துவையுங்கள். கைபேசிதான் மருத்துவரும் உறவினரும் அழைக்கும் வழி என்றால் அதை அடைத்துவைக்கவும் முடியாது, மின்கலம் தீரவிடவும் முடியாது. ஆகவே இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசியைச் சிம் இல்லாமல் கேமராவாக மட்டும் வைத்துக்கொள்வது, புது லென்ஸ் எதையும் விடப் பயனுள்ள ஏற்பாடு. லென்ஸை மெத்தென்ற துணியால் துடைத்துவிட்டு, 3 விநாடி டைமரில் எடுங்கள். விரல் பட்ட நடுக்கம் படத்தில் ஏறாது.

தட்டை வைக்கும் மேசை உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். நாள் முழுக்க ஒருவரைத் தூக்கியும் திருப்பியும் வலித்த முதுகை, கண் மட்டக் கோணத்துக்காகத் தரையில் வளைக்கக் கூடாது. கைபேசியின் திரை நேராகக் கண்ணுக்குத் தெரியும்படி, தட்டுக்கு அடியில் இரண்டு கனமான புத்தகங்களை வைத்து உயர்த்தினாலே போதும்.

நோயாளி கூடச் சேர விரும்பினால் தட்டு அதற்கும் இடம் கொடுக்கிறது. கட்டில்மேசையில் வைத்து, வெள்ளை அட்டையை அவர் கையில் கொடுங்கள். முகத்தில் ஒளி ஏறி இறங்குவதை அவர் கையாலேயே செய்து பார்க்கலாம். சிறு பொருளைப் பிடிக்க முடியாத விரல்களுக்கு 30 செ.மீ. உயரமுள்ள பெரிய பொம்மையோ மரப்பொம்மையோ நல்லது. முகம் பார்த்துப் பயப்படுகிறார் என்றால் வற்புறுத்தாமல் மிருகப் பொம்மைகளுக்கு மாறுங்கள். அது உங்களுக்கு மட்டுமான நேரமாக இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதையும் தயங்காமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எதையும் வாங்கும் முன்

ஒரு வாரம், வெறும் தட்டும் வீட்டிலுள்ள ஒரு பொம்மையும் வைத்து, உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். உட்காரும் நேரம் பெரும்பாலும் பகலாகவும், ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாவது கிடைப்பதாகவும் இருந்தால் ஜன்னலோரமே போதும். ஒரு வெள்ளை அட்டையைத் தவிர எதுவும் வாங்க வேண்டாம். இரவிலோ 10, 15 நிமிடத் துண்டுகளிலோ கிடைத்தால் தட்டும் ஓர் எல்இடி விளக்கும். வாரத்தில் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் கிடைத்திருந்தால் மட்டும் தனி மேசையைப் பற்றி யோசியுங்கள். தாளில் ஐந்து நிமிடத் துண்டுகள் மட்டுமே தெரிகின்றன என்றால் இந்த மாதம் விளக்கையும் கேமராவையும் மறந்துவிட்டு, 2 செ.மீ. ஆள் ஒருவரும் ஒரு ஸ்பூனும் போதும்.